இந்தியாவுக்குப் புறப்படுமுன் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்



"இந்தியாவுக்கு ஒரு தடவை போய் வரணும், விசாவுக்கு எவ்வளவு முடியும்?" என்று எங்கள் நலன்புரிப் பிரிவுக்கு வந்து கேட்பவர்கள் வரவரக் கூடிக்கொண்டு போகிறார்கள். அப்புத்தளைப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், பசறை, லுணுகலைப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். சிலருக்குப் பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போக ஆசை. சிலருக்கு வேலூரிலோ மதுரையிலோ வைத்தியம் பார்க்கவேண்டிய தேவை. கூடுதலான பேருக்கு அங்கே சொந்தம் இருக்கிறது. எல்லோரும் முதலில் கேட்பது விசாவைப் பற்றித்தான். நாங்கள் முதலில் கேட்பது, "உங்க பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கொண்டு வந்தீங்களா?" என்பது. அதைக் கேட்டதும் பலருக்கு முகம் மாறிவிடும். ஏன் அப்படிக் கேட்கிறோம் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

பென்ஷன் வயது தாண்டிய ஒரு அம்மா சென்ற வருடம் எங்களிடம் வந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவருடைய அக்கா ஒப்பந்தக் காலத்தில், எழுபதுகளில், புருஷன் பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போனவர். கோத்தகிரிப் பக்கத்தில் அங்கேயும் ஒரு தேயிலைத் தோட்டம், அங்கேயும் ஒரு லயம். பதுளை ஸ்டேசனில் கோச்சியில் ஏற்றிவிட்டது தான் கடைசி. அதற்குப் பிறகு கடிதம், பிறகு போன். அக்காவுக்குச் சுகமில்லை, தங்கச்சியைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்று செய்தி வந்தது. மகன் கொழும்பில் கடையில் வேலை. காசு தருகிறேன் என்று சொல்லிவிட்டான். காசுக்குக் குறைவில்லை, மனசுக்கும் குறைவில்லை.

குறை கடதாசியில் இருந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர். அடையாள அட்டையில் அதே பெயர்தான், ஆனால் கடைசி எழுத்து வேறு. கலியாணப் பதிவில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஈ.பி.எஃப். கடதாசியில் "அம்மா" போய் "ஆயி" வந்திருந்தது. பிறந்த வருடமும் இரண்டு விதம். நாலு கடதாசியையும் மேசையில் பரப்பிப் பார்த்தால் நாலு பெண்கள் இருக்கிறார்கள், எங்கள் முன்னால் நின்றது ஒருவர். அதையெல்லாம் ஒரே ஆளாக்கி, பாஸ்போட் கையில் கிடைக்க ஐந்து மாதம் சென்றது. அக்கா மூன்றாம் மாதமே போய்விட்டார். காடாத்துக் காரியத்தை மருமகனின் போனில் இங்கிருந்தே பார்த்தார்கள்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் இது ஒரு வீட்டுக் கதை இல்லை என்பதால் எழுதுகிறோம்.

தகரத் துண்டிலிருந்து கடவுச்சீட்டு வரை

நம் பாட்டன் பூட்டன் வரும்போது கடவுச்சீட்டு என்ற ஒன்றைக் கண்டதில்லை. கங்காணி ஆள் கட்டிக் கூட்டி வந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தோட்டத்தின் அடையாளம் பொறித்த ஒரு தகரத் துண்டு, அவ்வளவுதான் அவர்களுடைய பாஸ்போட். மண்டபம் முகாமில் மறித்து, வைத்தியப் பரிசோதனை முடித்து, இந்தப் பக்கம் அனுப்பினார்கள். 1914-ல் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் பாதை ரயிலோடு இணைந்து திறக்கப்பட்டது. 1924-ல் பதுளைக்கும் ரயில் வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் "ஊருக்குப் போயிட்டு வாறேன்" என்று சொன்னால் அது இந்தியாவைத்தான் குறிக்கும். கலியாணத்துக்குப் போவார்கள், கோயில் திருவிழாவுக்குப் போவார்கள், திரும்பி வந்து பேர் போடுவார்கள். எல்லை என்பது இடையில் இருந்த கடல்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அது மாறியது. 1948-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நம்மவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆனார்கள். அதே வருடத்தின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் அமுலுக்கு வந்ததும் பாஸ்போட்டும் விசாவும் இல்லாமல் போக்குவரத்து இல்லை என்றாயிற்று. 1964 அக்டோபர் 30-ல் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேருக்குப் பிறகு பார்ப்போம் என்று. 1974-ல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இந்தியாவுக்கு மனுப் போட்டான், தம்பி இலங்கைக்குப் போட்டான் என்ற வீடுகள் ஊவாவில் எத்தனையோ. அதே 1964-ன் டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, எண்பதுகளின் நடுவில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டும் போகமுடியாமல் பலர் இங்கேயே தங்கிப்போனார்கள்.

இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். இன்றைக்கு விசாப் படிவத்தில் "தகப்பனார் எங்கே பிறந்தார், எந்த நாட்டவர், இதற்கு முன் வேறு நாட்டவராக இருந்தாரா" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கீழே வைக்கிறவர்கள் நம்மவர்கள்தான். அதற்குப் பதில் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

மற்ற நாடுகளில் அயல்நாட்டுப் பயணம் எப்படி நடக்கிறது என்றும் ஒரு வார்த்தை. தாய்லாந்துக்காரர் பக்கத்து நாடான லாவோஸுக்கு பாஸ்போட்டோடு விசா இல்லாமல் போகலாம், 30 நாள் இருக்கலாம். எல்லையோர மாகாணத்தில் குடியிருப்பவர் என்றால் பாஸ்போட்கூட வேண்டாம், எல்லைச் சீட்டு என்று ஒன்றை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிச் சொற்ப நாள் தங்கிச் சாமான் வாங்கி, சொந்தத்தைப் பார்த்து வரலாம். நேபாளத்துக்காரர் இந்தியாவுக்குள் 1950-ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி விசா இல்லாமலே வருகிறார். சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதை அரசாங்கங்கள் ஒத்துக்கொண்ட இடங்கள் இவை. நமக்கு அப்படி ஒரு சீட்டு இல்லை. பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் ஒரே குடும்பம் இருந்தாலும், நமக்குப் பாஸ்போட்டும் வேண்டும், விசாவும் வேண்டும். இருக்கவேண்டும் என்று நாங்கள் நினைப்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. இருக்கிறதை வைத்துக் காரியம் பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதலில் பிறப்புச் சாட்சிப் பத்திரம். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் தோட்டத்துக் கந்தோர் மூலமாகப் பதிவாளருக்கு அறிவித்தல் போகும் என்பது பழைய நடைமுறை. அறிவித்தல் கொடுத்தவர், எழுதியவர், பதிந்தவர் என்று மூன்று கை மாறும்போது நம் பெயரும் மாறிவிடும். ஊவாவில் பழைய பத்திரங்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து இன்னொருவர் இங்கிலீசில் எழுதினால் "ழ" எங்கே போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சில பத்திரங்களில் பிள்ளையின் பெயருக்குரிய கட்டமே வெறுமையாக இருக்கும். பதியும்போது பெயர் வைக்கவில்லை, பிறகு போய்ப் போடவும் இல்லை. பாடசாலையில் சேர்க்கும்போது வீட்டில் கூப்பிடுகிற பெயரைக் கொடுத்தோம், அதுவே ஓடிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. பெயர் போடாத பத்திரத்தில் பெயர் சேர்க்கவும், இருக்கிற பெயரைத் திருத்தவும் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பிறப்பையே பதியாமல் மூன்று மாதம் கடந்துவிட்டதா, காலங்கடந்த பதிவு என்று ஒன்று உண்டு. தேடிப் பார்த்தும் பதிவு இல்லை என்றால், "இல்லை" என்று எழுதிய அந்தத் தேடுதல் கடதாசியையும் பத்திரமாக வையுங்கள். அதை வைத்துத்தான் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கவேண்டும். ஞானஸ்நானப் பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம், தோட்டத்து ஆஸ்பத்திரிக் குறிப்பு, பழைய வாக்காளர் இடாப்பு, எதுவும் உதவலாம். எதையும் "இது எதுக்கு" என்று எறிந்துவிடாதீர்கள்.

எந்தப் பெயரை வைத்து மற்றதைத் திருத்துவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம்தான் அடிமரம். அதில் உள்ளதுபோல அடையாள அட்டை, அதில் உள்ளதுபோல பாஸ்போட் என்று வரவேண்டும். அட்டையில் உள்ள பெயர்தான் ஊரெல்லாம் வழக்கத்தில் இருக்கிறது, பேங்க் புத்தகமும் ஈ.பி.எஃப்.பும் அதில்தான் என்றால், பிறப்புப் பத்திரத்தில் திருத்தம் கேட்பது புத்தி. இரண்டில் எது சுருக்கம் என்று கந்தோருக்குப் போகுமுன் ஒருமுறை எங்களோடு பேசுங்கள். ஒரு தடவை கந்தோருக்குப் போனால் ஒரு நாள் பேர் போகிறது, பஸ் காசும் போகிறது. நாலு தடவை அலையவேண்டியதை இரண்டாகக் குறைத்தால் அதுவே ஒரு லாபம்.

அடையாள அட்டையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரோ தோட்ட முகாமையாளரோ உறுதிப்படுத்தி விண்ணப்பிக்கலாம் என்பது நமக்குத் தெரிந்தது. நம் பகுதிப் பழைய அட்டைகளில் சிங்களம் மட்டும்தான் இருக்கும். 2014-க்குப் பிறகு தமிழும் சேர்ந்து வருகிறது. பழைய அட்டையில் எழுத்து அழிந்து, படம் மங்கிப்போனவர்கள் புதிது எடுத்துவிடுவது நல்லது. புதிதை எடுக்கும்போது தமிழ் எழுத்தையும் சிங்கள எழுத்தையும் தெரிந்த இரண்டு பேரைக்கொண்டு வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

மூன்றாவது, பிரஜாவுரிமைக் கடதாசி. இளம்பிள்ளைகள் இதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். தாத்தா ஆச்சிமாருக்குத் தெரியும். 1964 ஒப்பந்தத்தின் கீழ் பதிவாகிப் பெற்றவர்களிடம் சான்றிதழ் இருக்கும். 1988-ம் ஆண்டின் சட்டத்தால் பிரஜையானவர்கள் அநேகமாக சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்திருப்பார்கள். 2003-ம் ஆண்டின் 35-ம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களுடைய வழித்தோன்றல்களையும் பிரஜைகளாக்கியது. இந்தியப் பாஸ்போட் எடுத்து வைத்துக்கொண்டு போகாமல் நின்றவர்களுக்கும் அதில் வழி வைத்தார்கள், ஒரு பிரகடனம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று. இந்தக் கடதாசிகளில் எது உங்கள் வீட்டில் இருந்தாலும் அதன் பிரதி இரண்டு எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.

வேறு ஊரில் என்று ஏன் சொல்கிறோம் என்று ஊவாவில் உள்ளவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மறுபடியும் பதுளை மாவட்டமெங்கும் மண் சரிந்தது. உயிர் போன இடத்தில் கடதாசியைப் பற்றிப் பேசுவது சரியில்லைதான். ஆனாலும் உயிர் தப்பியவர்கள் அடுத்த நாளிலிருந்து தாங்கள் யார் என்று நிரூபிக்கவேண்டியிருந்தது. ட்ரங்குப் பெட்டியில் இருப்பதைப் போனில் படம் பிடித்துப் பிள்ளைக்கு அனுப்பி வைப்பது காசு செலவில்லாத வேலை. இன்று இரவே செய்யலாம்.

பாஸ்போட் எடுப்பது

பாஸ்போட்டுக்குத் தலைமைக் கந்தோர் பத்தரமுல்லையில். நமக்குக் கிட்டியது கண்டிப் பிராந்தியக் கந்தோர். 2023-ம் ஆண்டிலிருந்து இணையத்தில் விண்ணப்பித்து, தெரிந்தெடுத்த பிரதேச செயலகங்களில் கைவிரல் அடையாளம் கொடுத்து, வீட்டுக்கே தபாலில் பெறும் ஏற்பாடும் இருக்கிறது. உங்களுக்குக் கிட்டிய எந்தப் பிரதேச செயலகத்தில் அந்த வசதி என்று முதலில் கேட்டு அறியுங்கள். தபாலில் வரும் என்றால் விலாசத்தில் தோட்டத்தின் பெயர், பிரிவு, லய இலக்கம், தபால் கந்தோர் எல்லாம் முழுசாக இருக்கவேண்டும். தோட்டத்துக் கந்தோருக்கு வந்து கட்டோடு கிடக்கும் கடிதங்களை நாங்கள் கண்ணால் கண்டவர்கள்.

படம் எடுக்க எந்த ஸ்டூடியோவுக்கும் போகமுடியாது. திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுத்தால் அவர்களே கம்பியூட்டர் வழியாக அனுப்பி ஒரு ரசீது தருவார்கள். அந்த ரசீது தொலைந்தால் திரும்பவும் காசு. பிறப்புச் சாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் மூலமும் பிரதியுமாக வேண்டும். புருஷனுடைய பெயரைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் பெண்கள் விவாகச் சாட்சிப் பத்திரமும் கொண்டுபோகவேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றவர்கள் நம்மிடையே அதிகம். பதியாத கலியாணம் மனசுக்குச் செல்லும், பாஸ்போட்டுக்குச் செல்லாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருவரும் சம்மதம் எழுதவேண்டும். தகப்பன் எங்கோ போய்விட்டார், தாய் வெளிநாட்டில் என்றால் அதற்கு வேறு கடதாசிகள் உண்டு. முன்கூட்டியே கேட்டுப் போங்கள். கட்டணமும் அடிக்கடி மாறுகிறது. பழைய ஆள் சொன்ன கணக்கை நம்பிப் போகாதீர்கள். சாதாரண சேவைக்கும் ஒருநாள் சேவைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மாதச் செலவுக்கே காணும். அவசரம் இல்லாத காலத்தில் எடுத்து வைத்தால் அந்தக் காசு மிச்சம். 2024-ல் வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து ஜனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொரு விசயம். சங்கடமானது, ஆனாலும் சொல்லவேண்டும். குவைத், சவுதிப் பக்கம் வீட்டு வேலைக்குப் போய் வந்த சகோதரிகள் சிலருக்கு ஏஜென்சிக்காரன் வயதைக் கூட்டியோ குறைத்தோ, சில சமயம் பெயரையே மாற்றியோ பாஸ்போட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அப்போது என்ன எழுதினான் என்றே அவர்களுக்குத் தெரியாது. இப்போது சொந்தப் பெயரில் விண்ணப்பித்தால் பழைய பதிவு குறுக்கே வரும், கைவிரல் அடையாளம் பொய் சொல்லாது. மறைத்துக்கொண்டு போய் மாட்டிக்கொள்வதைவிட, பழைய பாஸ்போட்டையும் எடுத்துக்கொண்டு போய் நடந்ததை நடந்தபடி சொல்வது மேல். போகுமுன் சட்ட ஆலோசனை ஒன்று பெற்றுக்கொண்டு போங்கள். அதுபோல, பழைய பாஸ்போட்டில் சிலது மத்திய கிழக்கு நாடுகளுக்கு மட்டும் என்று கொடுத்தது. "எங்கிட்ட பாஸ்போட் இருக்குதானே" என்று அதை வைத்துக்கொண்டு டிக்கட் வாங்கிவிடக்கூடாது.

விசா, அந்தக் கட்டங்கள்

பெயர் சரியாகி, பாஸ்போட்டும் வந்துவிட்டால், மலையில் பாதி ஏறியாயிற்று. இனி உள்ளது இறக்கம்.

2015 ஏப்ரல் 14 முதல், நம் சித்திரை வருடப்பிறப்பு அன்று, இலங்கையருக்கு இந்தியா இணையவழி விசாவைத் திறந்துவிட்டது. சொந்தக்காரரைப் பார்க்கவும் கோயில் குளத்துக்குப் போகவும் இது சுற்றுலா விசாவிலேயே அடங்கும். 30 நாள், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று வகைகள் உண்டு. வைத்தியத்துக்குப் போகிறவருக்கு வைத்திய விசா தனி, கூடப்போகிறவருக்குத் துணையாளர் விசா தனி. பாஸ்போட்டில் ஆறு மாதமாவது காலம் மிச்சம் இருக்கவேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்கவேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போட், தனி விசா. கடைசி நிமிசத்தில் போடாமல், குறைந்தது ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்னால் விண்ணப்பியுங்கள். கட்டின காசு, விசா மறுத்தாலும் திரும்பி வராது.

இணையத்தில் "இந்திய விசா" என்று தேடினால் பார்க்க ஒரேமாதிரி எத்தனையோ பக்கங்கள் வரும். பல தரகர்களுடையவை. மேலதிகமாகக் காசு வாங்குவார்கள், சிலது வெறும் ஏமாற்று. இந்திய அரசாங்கத்தின் பக்க விலாசம் "கவ்.இன்" என்று முடியும். அந்த முடிவு இல்லாத எதிலும் பாஸ்போட் இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். கம்பியூட்டர் தெரியாதவர்கள் டவுன் கடையில் கொடுத்து நிரப்பினால், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். இணையவழி சரிவராதவர்கள் கடதாசி விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது, நம் பெரியவர்கள் ஒப்பந்தக் காலத்திலிருந்து ஏறி இறங்கிய இடம்தான்.

இப்போது அந்தக் கட்டங்கள். தாய் தகப்பனுடைய பெயர், பிறந்த ஊர், பிறந்த நாடு, இன்றைய பிரஜாவுரிமை, முந்திய பிரஜாவுரிமை என்று கேட்டிருக்கும். தகப்பனார் திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர் என்றால் அப்படியே எழுதுங்கள். பயந்துகொண்டு "பதுளை" என்று போடவேண்டாம். இந்தியாவில் பிறந்த தகப்பன் இருப்பதால் விசா மறுக்கப்படும் என்று ஒரு வதந்தி லயங்களில் உலவுகிறது. அது தப்பு. தகப்பனார் முன்பு இந்தியப் பாஸ்போட் வைத்திருந்தாரா, அதையும் மறைக்கக்கூடாது. நாடற்றவராக இருந்து 1988-லோ 2003-லோ இலங்கைப் பிரஜையானவர் என்றால், இன்றைய பிரஜாவுரிமை இலங்கை. முந்தியது எதை எழுதுவது என்று சந்தேகமானால் அவருடைய கடதாசியைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். அம்மா அப்பாவோ, பாட்டன் பாட்டியோ பாகிஸ்தான் பிரஜையாக இருந்தார்களா என்றும் ஒரு கேள்வி வரும். நம்மில் மிகப் பெரும்பாலோருக்குப் பதில் இல்லை என்பதுதான். வாசிக்காமல் "ஆம்" என்று அழுத்திவிட்டால் இணையவழி விசா அங்கேயே நின்றுபோகும். இந்தியாவில் ஒருவர், இலங்கையில் ஒருவர் என்று விலாசமும் போன் இலக்கமும் கேட்பார்கள். அங்குள்ள சொந்தக்காரரிடம் சரியான விலாசத்தை எழுதி வாங்குங்கள். "கூடலூர் பக்கத்தில்" என்பது விலாசம் ஆகாது.

இந்தப் பழைய கடதாசிகளுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு 2005 முதல் இந்தியா ஒரு அட்டை கொடுக்கிறது. அது கிடைத்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் விசா வேண்டாம். ஆனால் முன்னோர் இந்தியாவில் எந்த ஊர் என்று எழுத்தில் காட்டவேண்டும். வாய்ச்சொல் காணாது. பாட்டனின் பழைய இந்தியப் பாஸ்போட், ஒப்பந்தக் காலத்து விண்ணப்பப் பிரதி என்பவை அப்போது பொன்னாகும். அடுப்பு மூட்டக் கடதாசி தேடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கட்டும் பயணமும்

டிக்கட்டில் உள்ள பெயர் பாஸ்போட்டில் உள்ளதுபோலவே ஒவ்வொரு எழுத்தும் இருக்கவேண்டும். கொழும்பிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் விமானம் இருக்கிறது. இணையவழி விசா எல்லா வாசலுக்கும் செல்லாது, பட்டியலில் உள்ள விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் மட்டும்தான். சென்னையும் திருச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. 2023 அக்டோபர் 14-ல் காங்கேசன்துறை, நாகபட்டினம் கப்பல் ஆரம்பமாகி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஓட்டம் நிற்கும். பழைய கப்பல் ஞாபகத்தில் அதில் போக ஆசைப்படும் பெரியவர்கள், தங்கள் விசா அந்தத் துறைக்குச் செல்லுமா என்று விசாரித்தபிறகே டிக்கட் வாங்கவேண்டும்.

விசா அனுமதிக் கடதாசியைப் பிரதி எடுத்துக் கையில் வையுங்கள், போனை மட்டும் நம்பாதீர்கள். திரும்பிவரும் டிக்கட், தங்கும் விலாசம், கைச்செலவுக்குக் காசு, இவற்றையும் அங்கே கேட்கக்கூடும். இறங்கியதும் விரல் அடையாளமும் படமும் எடுப்பார்கள். கேள்வி கேட்டால் சுருக்கமாக உள்ளதைச் சொல்லுங்கள். "அக்கா வீட்டுக்கு வந்திருக்கேன், இருபது நாள்" என்பது போதும். "வேலை கிடைச்சா இருந்துருவேன்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லவேண்டாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே தோட்டத்திலோ பனியன் கம்பெனியிலோ வேலை செய்வது சட்டவிரோதம். விசா நாள் தாண்டித் தங்கினால் தண்டம், அடுத்த தடவை விசா கிடைப்பதும் கஷ்டம். விடுதியில் தங்கினால் வெளிநாட்டவருக்கான படிவம் ஒன்றை அவர்களே நிரப்பிக் கொடுப்பார்கள். சொந்தக்காரர் வீடு என்றால் அங்குள்ள பொலிசுக்கு அறிவிக்கவேண்டுமா என்று வீட்டுக்காரரை முன்பே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். பேச்சும் முகமும் ஒன்றாக இருந்தாலும் அங்கே நாம் வெளிநாட்டவர் என்பதை மறந்துவிடுகிறோம். பாஸ்போட்டை யாரிடமும் அடகு வைக்கவோ கொடுத்துவைக்கவோ கூடாது. தொலைந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து அந்தக் கடதாசியோடு சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போகவேண்டும்.

ஆரம்பத்தில் சொன்ன அம்மாவுக்கு இப்போது பாஸ்போட் இருக்கிறது, விசாவும் வந்துவிட்டது. அக்காவின் வருடத் திதிக்குப் போகிறார். மகன் திருச்சிவரை கூடப்போய்விட்டுத் திரும்புவான், அங்கிருந்து அக்கா பேரன் வந்து மலைக்குக் கூட்டிப்போவான். போனவாரம் எங்களிடம் வந்து இரண்டு விசயம் கேட்டார். அக்கா வீட்டுக்கு நம்ம தோட்டத்துத் தேயிலை கொண்டுபோகலாமா? பைக்கட்டில் அடைத்த தூள், வீட்டுப் பாவனைக்குரிய அளவில் தாராளமாகக் கொண்டுபோகலாம் என்றோம். "அக்கா நட்ட ரோசாச் செடி இன்னும் லயத்து வாசல்ல நிக்குது. அதுல ஒரு கொப்பு வெட்டிக் கொண்டுபோய் அங்க வைக்கலாமா?" என்றார். செடி, கொப்பு, விதை, மண் எதுவும் தாவரத் தடுப்புச் சான்றிதழ் இல்லாமல் எல்லையில் விடமாட்டார்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப போட்டோ எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார்.